சாவுக்கு ஒரு தேதி

திருநெல்வேலி வக்கீல்களிடம் யுத்த காலத்து வழக்கு ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் பாதிப் பேர் குலசேகரன்பட்டினத்துக்குத்தான் போவார்கள். 1942 செப்டம்பரில் அங்கே உப்பளத்தில் லோன் என்ற வெள்ளைக்கார அதிகாரி கொல்லப்பட்டதையும், காசிராஜன், ராஜகோபால் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்கு விதிக்கப்பட்டதையும், கயிறு கழுத்துக்கு வருவதற்குள் தண்டனை குறைந்து 1946-இல் அவர்கள் வெளியே வந்ததையும் கூடவே நின்று பார்த்தவர்கள் மாதிரிச் சொல்வார்கள். ராஜகோபாலுக்குத் 'தூக்குமேடை' என்பது கடைசிவரை இனிஷியல் போல ஒட்டிக்கொண்டது. அது பேர் பெற்ற வழக்கு. நான் சொல்லப்போவது பேர் இல்லாதது. கொலை கிடையாது, கூட்டம் கிடையாது, பத்திரிகைக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வெறும் பாகப்பிரிவினைப் பிராது. ஆனால் இரண்டாவது உலக யுத்தத்தைத் தேதி தேதியாகக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த வழக்கு என் அனுபவத்தில் அது ஒன்றுதான்.

நான் 1957-இல் சன்னது வாங்கி, பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் சேர்ந்திருந்தேன். சேர்ந்த மறு வருஷம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தென்கால் வாய்க்கால் பாய்ச்சலில் நாலு கோட்டை விதைப்பாடு நஞ்சை, ஊருக்குள் ஒரு வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமான கூட்டுக் குடும்பச் சொத்து. அண்ணன் ஊரில் விவசாயம். தம்பி 1936-இல் மலாயாவுக்குப் போய் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை பார்த்தார். இந்த அம்மாள் தம்பியின் மனைவி. பிள்ளை இல்லை. புருஷன் ஊருக்கு வந்துபோனது ஒரே ஒரு தடவை, 1939-இல். கடைசிக் கடிதம் 1941 நவம்பரில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இவர் போட்ட கடிதம் ஒன்று, தபால் போக்குவரத்து இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்திருந்தது. அதை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

கொழுந்தன்மாரும் மச்சினன்மாரும் சொத்தை அமுக்குகிற கதைகளையே கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் அண்ணனை வில்லனாகவே நினைத்துக்கொண்டு பிராது வாசகத்தை எழுத உட்கார்ந்தேன். சீனியர் என்னைத் தட்டி வைத்தார். அண்ணன் பதினேழு வருஷமாகக் கார், பிசானம் என்ற இரண்டு போகத்திலும் அந்த அம்மாளுக்கு நெல் அளந்து போட்டு வந்தவர். மகள் கல்யாணத்துக்காகத் தென்கால் வயலில் ஒரு துண்டை விற்கப் போனார், வாங்குகிறவன் வில்லங்கம் இல்லையென்று எழுதிக் கேட்டான், அந்த அம்மாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இவ்வளவுதான் தகராறு. சண்டை போடத் தெரியாத இரண்டு பேரைச் சட்டம் சண்டைக்குக் கூட்டி வந்தது.

எப்படியென்றால், பழைய இந்து சட்டப்படி கூட்டுக் குடும்பத்தில் ஆண்பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்தால் அவர் பங்கு மிச்சமிருக்கும் பங்காளிக்குப் போய்விடும். மனைவிக்குச் சோறும் துணியும்தான். 1937-இல் டெல்லிச் சட்டசபை இதை மாற்றி, புருஷனுடைய பங்கில் அவன் உரிமை மனைவிக்கு வரும் என்றது. ஆனால் 1941-இல் பெடரல் கோர்ட்டு ஒரு குறுக்குக் கோடு போட்டது. விவசாய நிலம் மாகாணத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம், டெல்லியில் போட்ட சட்டம் வயல் வரப்பைத் தாண்டாது என்று. சென்னை மாகாணம் விழித்துக்கொண்டு 1947-இல் தனிச் சட்டம் போட்டு, அது 1946 நவம்பர் 26 முதல் அமலில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியது. ஆக, ஒருவர் அந்த நவம்பர் 26-க்கு முந்தின நாள் இறந்திருந்தால் அவர் மனைவிக்கு வீட்டில் பாதி உண்டு, வயலில் ஒரு பிடி மண்ணும் கிடையாது. மறுநாள் இறந்திருந்தால் இரண்டிலும் பாதி. நியாயம் ஒரு இரவில் மாறுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டம் என்றைக்காவது ஒரு நாள் தொடங்கத்தானே வேண்டும், அந்த நாளுக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது. அந்த மனிதர் எப்போது செத்தார்? யுத்தத்துக்குள் செத்தார் என்றால் அண்ணனுக்கு வயல். யுத்தம் முடிந்து ஒரு வருஷமாவது பிழைத்துக் கிடந்து பிறகு செத்தார் என்றால் மனைவிக்குப் பாதி. இதிலுள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். தம்பிக்காக 1946 ஆடி அமாவாசையன்று ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்த அண்ணன் தம்பி சீக்கிரம் செத்தான் என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் காரியத்துக்கு வரவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்ட மனைவி, புருஷன் செத்தார், ஆனால் நிதானமாகச் செத்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிராதில் கையெழுத்து வாங்கும்போது வாதியின் விவரத்தை வாசித்தேன். 'இன்னாரின் விதவை' என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மனைவின்னே போடக் கூடாதாய்யா?"

சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "மனைவின்னு போட்டா, அவர் உயிரோட இருக்கார்னு அர்த்தம் ஆயிரும்மா. உயிரோட இருக்கிறவர் சொத்தை நீ கேக்க முடியாது. விதவைன்னு போட்டாத்தான் வழக்கே."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கழுத்தில் தாலி கிடந்தது. அதைச் சீனியரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காணாமல் போனவர்களுக்குச் சாட்சியச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருஷமாக ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 108-ஆம் பிரிவு. இப்போது புதுச் சட்டத்தில் 111 என்று எண் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான். எங்கள் வாதம் இதன்மேல் கட்டப்பட்டது. கடைசித் தகவல் 1941 நவம்பர், ஏழு வருஷம் கூட்டினால் 1948 நவம்பர், அன்றைக்குத்தான் சட்டம் அவரை இறந்தவராக ஒப்புக்கொள்கிறது. ஆகையால் அதுவரை அவர் உயிரோடு இருந்ததாகவே கொள்ள வேண்டும். 1948 என்பது 1946-க்குப் பிந்தியது. வயலில் பாதி எங்களுக்கு. கேட்கக் கணக்குப் போல நேராக இருக்கும். அதில் ஓர் ஓட்டை இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

எதிர்த்தரப்பு யுத்தத்தையே சாட்சியாக அழைத்தது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான், ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது, பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது, பிறகு தோட்டத் தொழிலாளிகளை ஆயிரக்கணக்கில் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள், 1945 செப்டம்பர்வரை ஜப்பான் ஆட்சி. இந்தத் தேதிகளுக்குள்தான் பிரதிவாதியின் தம்பி இறந்திருக்க முடியும் என்றார்கள். எங்கள் முன்சீப் சரித்திரம் படித்தவர். யுத்தம் நடந்ததை நிரூபிக்கச் சாட்சி தேவையில்லை, ஆனால் யுத்தம் இந்த ஆளைக் கொன்றது என்பதற்குத் தேவை என்றார். நல்ல வார்த்தை. பிற்பாடு எத்தனையோ வழக்கில் அதை நான் எனக்காகக் களவாடிப் பயன்படுத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் சீனியர் வீட்டுத் திண்ணையில் அதைப் பற்றியே பேச்சு. ஒரு நஷ்டஈட்டு வழக்கில் காரணத்தைப் பின்னோக்கித் தேடுகிற மாதிரி அவர் தேடிக்கொண்டே போனார். ஸ்ரீவைகுண்டத்துக்காரன் சயாம் காட்டில் எதற்குக் கிடந்தான்? ரயில் பாதைக்காக. ரயில் பாதை எதற்கு? பர்மாவில் இருந்த ஜப்பான் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் நேசநாட்டு நீர்மூழ்கிகள் கவிழ்த்தன, அதனால் தரைவழி வேண்டியிருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏன் வந்தான்? டச்சுக்காரனுடைய எண்ணெய், மலாயாவின் ரப்பர், தகரம். எண்ணெய்க்கு ஏன் அவ்வளவு தவிப்பு? அவன் 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள் புகுந்தான், அமெரிக்காவும் இங்கிலாந்தும் டச்சுக்காரரும் எண்ணெய்க் குழாயைத் திருகிவிட்டார்கள். இந்தோசீனாவுக்குள் எப்படிப் புக முடிந்தது? அதன் எஜமானனான பிரான்சை 1940 ஜூனில் ஹிட்லர் விழுத்தாட்டிவிட்டான். அந்தச் செப்டம்பரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் பெர்லினில் கைகோத்து ஒப்பந்தம் போட்டன. ஹிட்லர் எங்கிருந்து முளைத்தான்? 1919-இல் வெர்சாய் உடன்படிக்கையில் ஜெர்மனி தலையில் கட்டின கடனிலும் அவமானத்திலும்.

"கால் நூற்றாண்டு பின்னால போயாச்சு," என்றார் சீனியர். "இதுல எந்த இடத்துலவோய் நம்ம ஆளைக் கேட்டான்? 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைசிராய் லின்லித்கோ இந்தியாவும் யுத்தத்துல இருக்குன்னு ஒரு அறிக்கை விட்டான். ராஜாஜி மந்திரிசபையே எங்களைக் கேக்காம எப்படின்னு ராஜினாமா பண்ணிட்டுப் போச்சு. முதல் மந்திரியையே கேக்காதவன் தோட்டத்துக் கிராணியையா கேப்பான்?"

சட்டத்தில் இவ்வளவு தூரத்துக் காரணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் நீதிபதி கேட்கமாட்டார். கடைசியாகத் தள்ளிவிட்ட கை எது என்றுதான் கேட்பார். யுத்தங்களில் தள்ளிவிடுகிற கை எப்போதுமே காய்ச்சலாகவோ பட்டினியாகவோ இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கையாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிரதிவாதி தரப்பு முக்கியச் சாட்சி, 1946-இல் மலாயாவிலிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர். அவர் கொண்டுவந்த தகவலை நம்பித்தான் அண்ணன் காரியம் செய்தார். சாட்சி ஒளிவு மறைவில்லாமல் பேசினார். தோட்டத்தில் வேலை நின்றுபோனது, அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கு தின்றது, மூன்று மாச வேலை என்று சொல்லிச் சாமான் வண்டியில் ஏற்றியது, பான்போங்கில் இறக்கிக் காட்டுக்குள் நாள்கணக்காக நடத்திக் கூட்டிப்போனது எல்லாம் சொன்னார். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வாதியின் புருஷனை நோய்க் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டதைக் கண்ணால் பார்த்ததாகவும், அதன்பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

சீனியர் குறுக்கு விசாரணையை நாலு கேள்வியில் முடித்தார்.

"அவர் செத்ததைப் பார்த்தீரா?"

"பாக்கல."

"பிறகு எப்படிச் செத்தார் என்கிறீர்?"

"அந்தக் கொட்டகையில படுத்தவன் எந்திரிச்சு வரமாட்டான்யா."

"நீர் அந்தக் கொட்டகையில் படுத்ததுண்டா?"

"ரெண்டு நாள் கெடந்தேன்."

"எழுந்து வந்து இங்கே நிற்கிறீரே?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. சாட்சி சிரிக்கவில்லை. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் உயிரோடு நிற்பதே குற்றம் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல குறுக்கு விசாரணை என்று அன்று எல்லோரும் சீனியரைப் பாராட்டினார்கள். நானும்தான்.

மறு நாள் எங்கள் முறை. அம்மாள் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீலும் நாலு கேள்விக்கு மேல் கேட்கவில்லை. கழுத்தில் கிடப்பது என்ன என்றார். தாலி என்றார். புருஷன் செத்துவிட்டதாகத்தானே பிராதில் சத்தியம் செய்திருக்கிறாய் என்றார். அதற்கு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

"செத்துட்டாகன்னு கோர்ட்டுக்குத்தான்யா சொல்லுதேன். எனக்கு நான் இன்னும் சொல்லிக்கிடல."

நீதிபதி ஒரு நிமிஷம் பேனாவை எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் சாட்சி தமிழில் சொல்லும், நீதிபதி இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். இந்த வாக்கியம் இங்கிலீஷில் போய்ச் சேர்ந்தபோது, 'புருஷன் இறந்தது பற்றித் தனக்கு நேரடியாகத் தெரியாது என்று சாட்சி ஒப்புக்கொள்கிறார்' என்கிற மாதிரி ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. மொழிபெயர்ப்பு தப்பென்று சொல்ல முடியாது. சொன்னதில் இருந்த எதுவும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஓட்டை. வாதத்துக்கு முந்தின இரவு நூலகத்தில் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டது. வடக்கே ஒரு மடத்து மகந்து காணாமல் போன வழக்கு. ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் ஒருவர் இறந்தார் என்று அனுமானிக்கலாம், ஆனால் எப்போது இறந்தார் என்பதற்கு அனுமானம் எதுவும் கிடையாது, குறிப்பிட்ட தேதியில் உயிரோடு இருந்தார் என்றோ செத்தார் என்றோ சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. எங்கள் 1948 நவம்பர் கணக்கு அங்கேயே விழுந்துவிட்டது. ஓடிப்போய்ச் சீனியரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீதிபதி கேட்டா மறைக்காதே. கேக்கலேன்னா, எதிர்த்தரப்பு வக்கீல் வேலையை நாம செய்யணும்னு என்ன?" என்றார். தொழில் தர்மம் அப்படியல்ல என்று எனக்கு இன்று தெரியும். அவருக்கு அன்றே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். தொகுதியை அலமாரியில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். நீதிபதி கேட்கவில்லை. எதிர்த்தரப்பு தேடவில்லை. முன்சீப் எங்கள் கணக்கை ஒப்புக்கொண்டு வயலிலும் வீட்டிலும் பாதி என்று டிக்ரி கொடுத்தார்.

அண்ணன் அப்பீல் போனார். அப்பீலுக்கு வைத்த புது வக்கீல் முதல் நாளே அந்தப் பிரிவி கவுன்சில் தீர்ப்பை மேஜைமேல் வைத்தார். சீனியர் விடவில்லை. 1943 ஜூலையில் சுபாஷ் போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு மலாயாத் தமிழர்கள் எத்தனையோ பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், இவரும் கொட்டகையிலிருந்து எழுந்து அங்கே போயிருக்கலாம், பர்மாவில் எங்காவது 1947வரை இருந்திருக்கலாம் என்றெல்லாம் வாதாடினார். நீதிபதி மரியாதையாகக் கேட்டுவிட்டு, "இருந்திருக்கலாம் என்பது சாட்சியம் ஆகாதே" என்றார். வாதி தரப்புதான் 1946 நவம்பர் 26-இல் அவர் உயிரோடு இருந்ததை நிரூபிக்க வேண்டும், வாதியே தனக்கு எதுவும் தெரியாது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அந்தச் சுருங்கிய வரியை எடுத்துக்காட்டி எழுதினார். வீட்டில் பாதி உண்டு. வயல் கிடையாது. வயலின்மேல் ஜீவனாம்சமாக வருஷத்துக்கு இத்தனை கோட்டை நெல். சட்டப்படி அதில் ஒரு சொல் பிசகில்லை. இன்றைக்கு நான் நீதிபதியாக இருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருக்க முடியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

தொண்ணூறுகளில் என் மகன் என்னைத் தாய்லாந்துக்குக் கூட்டிப்போனான். காஞ்சனபுரியில் அந்த ரயில் பாதையில் செத்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர். புல்லை ஒட்ட வெட்டி, வரிசைக்கு வரிசை கல், கல்லுக்குக் கல் வெண்கலத் தகடு. நான் பேரைப் பார்க்கவில்லை, தேதியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். 1943 ஜூன் இத்தனாம் தேதி, ஜூலை இத்தனாம் தேதி. ஜப்பான்காரனுடைய கூண்டுக்குள் கிடந்தபோதும் அந்தக் கைதிகளின் அதிகாரிகள் ஒளித்து ஒளித்துக் குறிப்பு வைத்திருக்கிறார்கள், யார், எந்த நாள், எங்கே புதைத்தது என்று. 415 கிலோமீட்டர்ப் பாதையில் கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். தமிழரும் மலாய்க்காரரும் பர்மியரும் ஜாவாக்காரரும் அதைப்போல ஏழு மடங்கு இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம்தான், எண்ணியவர் இல்லை. யுத்தம் முடிந்தபின் 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் போர்க்கைதிகளுக்கு ஏதோ கொஞ்சம் பணம் ஒதுக்கினார்கள். கூலியாகப் போனவன் கைதியில்லையே. இந்தியா அதில் கையெழுத்துப் போடாமல் 1952 ஜூன் 9-இல் ஜப்பானோடு தனியாக உடன்படிக்கை செய்து, நஷ்டஈடு எதுவும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மை என்று பாராட்டினார்கள். நானும் பாராட்டியிருப்பேன், ஸ்ரீவைகுண்டத்து அம்மாளைக் கேட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்திருந்தால்.

எங்கள் கட்சிக்காரரின் புருஷன் சிப்பாயாகப் போய் அதே கொட்டகையில் அதே காலராவில் செத்திருந்தால் ஒரு தந்தி வந்திருக்கும். தந்தியில் தேதி இருந்திருக்கும். வயல் அப்போதும் கிடைத்திருக்காது என்பது உண்மை. ஆனால் 1943-லேயே முடிந்துபோன ஒரு காரியத்தை நிரூபிக்கப் பதினாறு வருஷம் கழித்து அவரைக் கூண்டில் ஏற்றித் தாலியைக் காட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹைகோர்ட்டுக்குப் போகப் பணமில்லை, போயிருந்தாலும் பிரயோசனமில்லை. அண்ணன் வயலை விற்று மகளுக்குக் கல்யாணம் செய்தார். கல்யாணத்துக்கு அந்த அம்மாள் போனாராம், சமையல்கட்டிலேயே இருந்தாராம். டிக்ரியில் சொன்ன நெல்லை அண்ணன் தவறாமல் அளந்தார், விளைந்த வருஷம் கூடவும் அளந்தார். கோர்ட்டு விஷயம் என்பதால் ரசீது எங்கள் ஆபீஸ் வழியாகப் போக வேண்டும். வருஷத்துக்கு இரண்டு, காருக்கு ஒன்று, பிசானத்துக்கு ஒன்று. சீனியர் காலமான பிறகும் அந்த ரசீதுகள் என்னிடம் வந்துகொண்டிருந்தன.

ஒவ்வொன்றிலும் 'இன்னார் மனைவி இன்னார் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து இருக்கும். என் குமாஸ்தா ரொம்பக் கறாரான ஆள். டிக்ரியில் விதவை என்றல்லவா இருக்கிறது, ரசீதில் மனைவி என்று வந்தால் நாளைக்கு வில்லங்கம் ஆகாதா, திருத்தி வாங்கி வரட்டுமா என்று ஒரு தடவை கேட்டார்.

வேண்டாம், அப்படியே கட்டில் சேர்த்து வையும் என்றேன்.